ஈஸி ரன்லயே ஹார்ட் ரேட் 168, கூடவே குதிகால் வலி. 9 வருஷம் ஓடினவனுக்கு இப்ப என்ன ஆச்சு?

டேம்ரோடு_46 | செப்டம்பர் 8, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். ஊரு கிருஷ்ணகிரி, வயசு 46, ஓட ஆரம்பிச்சு 9 வருஷம் ஆகுது. ஹாஃப் மாரத்தான் (21 கி.மீ) பெஸ்ட் 1:52, ஃபுல் (42 கி.மீ) ரெண்டு தடவ ஓடியிருக்கேன், ரெண்டுமே 4 மணி 10 நிமிஷத்துக்கு மேல போயிடுச்சு. ஜனவரியில சென்னை மாரத்தான், இந்தத் தடவ 4 மணிக்குள்ள முடிச்சே ஆகணும்னு ஜூலையில இருந்து பயிற்சி பண்றேன்.

பிரச்சனை ரெண்டு. ஜூன் கடைசியில புது வாட்ச் வாங்கினேன், கையிலயே ஹார்ட் ரேட் காட்டுற மாதிரி. அதுல கி.மீ.க்கு 6 நிமிஷ பேஸ்ல சும்மா ஓடினாலே 168, 170னு காட்டுது. 220ல வயச கழிச்சா எனக்கு மேக்ஸிமமே 174தான் வருது, அப்ப ஈஸி ரன்லயே 97 சதவீதம் போறேன்னு அர்த்தம், எனக்கு பயமா போச்சு. ஸ்டாமினா குறைஞ்சிடுச்சு போலன்னு நெனச்சு வாரத்துக்கு 35 கி.மீ ஓடிட்டு இருந்தத நாலே வாரத்துல 58 ஆக்கினேன், ராயக்கோட்டை ரோட்டு ஏத்தத்துல செவ்வாய்க்கிழம தவறாம 8 தடவ வேகமா ஏறி இறங்கினேன். இப்ப மூணு வாரமா வலது குதிகாலுக்கு மேல, அந்த நரம்புல வலி. காலைல கட்டில்ல இருந்து இறங்கினா முதல் பத்து பதினஞ்சு அடி நொண்டித்தான் நடக்கறேன், அப்புறம் சரியாயிடுது, ஓடும்போது ரெண்டாவது கி.மீ தாண்டினா வலியே தெரியல, மறுநாள் காலைல திரும்ப பிடிச்சுக்குது.

ஒரு டாக்டர்கிட்ட காட்டினேன். குதிகால்ல ஸ்டீராய்டு ஊசி போட்டா ஒரே வாரத்துல ஓடலாம்னு சொல்றாரு. போட்டுக்கலாமா? ஹார்ட் ரேட்டுக்கு என்ன பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலக்கோடு_பையன் | செப்டம்பர் 8, இரவு 9:40

ணா வாட்ச்ச கழட்டி வீட்ல வச்சுட்டு ஓடுங்கணா. எங்க தாத்தா காலத்துல யாரு ஹார்ட் ரேட் பாத்து ஓடினாங்க. மூச்சு வாங்கினா மெதுவா போங்க, வாங்கலனா வேகமா போங்க, அவ்ளோதான்.

ஓசூர்_குளிரு | செப்டம்பர் 8, இரவு 10:25

தம்பி சொல்றதுல பாதி சரி, ஆனா இவரு விஷயத்துல வாட்ச்ச கழட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும். சார், அந்த ரன்களோட கிராஃப எடுத்து ஹார்ட் ரேட் கோடையும் கேடன்ஸ் கோடையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாருங்க. உங்க கேடன்ஸ் எவ்ளோ வருது? நிமிஷத்துக்கு 165லருந்து 170 அடி வச்சீங்கன்னா எனக்கு சந்தேகமே இல்ல.

கையில கட்டுற வாட்ச் பச்ச லைட் அடிச்சு தோலுக்கு அடியில ரத்தம் ஏறி இறங்குறதத்தான் எண்ணுது. பட்டை லூசா இருந்தாலோ கை ரொம்ப ஆடினாலோ காலைல குளிர்ல ரத்த ஓட்டம் கம்மியா இருந்தாலோ அது நாடிய விட்டுட்டு காலடி அதிர்வப் பிடிச்சுக்கும். அப்ப அது காட்டுறது உங்க இதயம் இல்ல, உங்க காலு. எனக்கு இதே நடந்துச்சு, ஒரு வருஷம் முழுக்க 172 172னு பாத்து பயந்தேன். ஒரு அடையாளம் என்னன்னா, உண்மையான ஹார்ட் ரேட் மெதுவா ஏறும், 110, 125, 138னு சில நிமிஷம் எடுத்துக்கும். ஓட ஆரம்பிச்ச ஒரே நிமிஷத்துல 168க்கு தாவி அப்படியே ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நின்னா அது பொய்.

ரெண்டாவது, அந்த 220 கணக்கு. அது சராசரி மட்டும்தான். ஒரே வயசுக்காரங்க நூறு பேர நிக்க வச்சா மேக்ஸிமம் ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு முன்ன பின்ன இருக்கறது சாதாரணம், சிலருக்கு அதுக்கு மேலயும் போகும். 2001ல டனாகான்னு ஒரு ஆராய்ச்சியாளர் குழு 208ல இருந்து வயசோட 0.7 மடங்கக் கழிக்கச் சொன்னாங்க, அதுல உங்களுக்கு 176 வரும். அதுவும் சராசரிதான். உங்க நம்பர் 165ஆ இருக்கலாம், 188ஆவும் இருக்கலாம்.

டேம்ரோடு_46 | செப்டம்பர் 9, காலை 7:05

சார், இப்பத்தான் நாலு ரன் எடுத்து வச்சுப் பாத்தேன். கேடன்ஸ் 168. ஹார்ட் ரேட் 168. நாலு ரன்லயும் ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு போகுது. நடுவுல செருப்புக்கடை பக்கம் நாய்க்கு பயந்து நின்ன இடத்துல ரெண்டும் ஒண்ணா இறங்குது. கைகால் ஓடல எனக்கு. இந்த நம்பர நம்பித்தான கிலோமீட்டர ஏத்தினேன்.

கால்வைத்தியம்_பிசியோ | செப்டம்பர் 9, மதியம் 1:30

நான் பிசியோ, தர்மபுரி பக்கம் பிராக்டிஸ். நேர்ல பாக்காம முடிவா சொல்லக்கூடாது, அத மொதல்ல சொல்லிடறேன். ஆனா ஊசி விஷயத்துக்கு உடனே பதில் சொல்லணும், அதனாலதான் மதிய சாப்பாட்டு நேரத்துல உக்காந்து டைப் பண்றேன்.

அக்கிலீஸ் தசைநாண்ல, அதாவது கெண்டைக்கால் தசைய குதிகாலோட சேக்கற நாண்ல, ஸ்டீராய்டு ஊசி வேண்டாம். வலி போயிடும், உண்மைதான், ஆனா நாண் பலவீனமாகி அறுந்து போற ஆபத்து இருக்கு. வலி இல்லன்னு நீங்க ஏத்தத்துல ஓடப் போவீங்க, அங்கதான் அறும். இன்னொண்ணு, ஜூலை ஆகஸ்ட்ல காய்ச்சலுக்கோ யூரின் இன்ஃபெக்ஷனுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் மாதிரி மாத்திரை எடுத்தீங்களா? இந்த வகை ஆன்டிபயாடிக் தசைநாண பாதிக்கும். 2008லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ இதுக்கு மருந்துக் குறிப்புல கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல வயித்துப்போக்குக்கே மெடிக்கல்ல கேட்டு வாங்கிச் சாப்பிடற மாத்திரை இது.

அப்புறம் வலி எங்கன்னு கை வச்சுப் பாத்து சொல்லுங்க. குதிகால் எலும்புல நாண் ஒட்டுற இடத்துலயா, இல்ல அதுக்கு மேல 2லருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி நடு நாண்லயா? ரெண்டுக்கும் பயிற்சி வேற. விரலால கிள்ளிப் பாத்தா தடிச்சிருக்கா? ஷூ மாத்தினீங்களா?

டேம்ரோடு_46 | செப்டம்பர் 9, இரவு 8:50

மாத்திரை எதுவும் எடுக்கல. வலி எலும்புக்கு மேல ஒரு ரெண்டு விரக்கடை தள்ளி, இடது காலோட ஒப்பிட்டா தடிச்சித்தான் இருக்கு. ஷூ மாத்தினேன், ஆமா. ஜூலையில, ஹீல் உயரம் ரொம்ப கம்மியா இருக்கற ஷூ, பழசுல டிராப் (முன்பாதத்த விட குதிகால் நிக்கற உயரம்) 10 மில்லிமீட்டர், இதுல 4. அதுவும் காரணமா?

கால்வைத்தியம்_பிசியோ | செப்டம்பர் 9, இரவு 10:15

தனியா அது மட்டும் காரணமா இருக்காது. ஆனா ஒரே மாசத்துல கிலோமீட்டர் 60 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு, ஏத்தம் சேந்துச்சு, குதிகால் 6 மில்லிமீட்டர் கீழ இறங்குச்சு. மூணுமே அந்த ஒரே நாண இழுக்கற வேல. இதயமும் நுரையீரலும் சில வாரத்துல பழகிடும், தசையும் ஓரளவு பழகும், நாணுக்கு மாசக்கணக்குல ஆகும். 9 வருஷம் ஓடினவங்களுக்கு இதுதான் வினை, மூச்சு தாங்குதுன்னு கால்மேல ஏத்திடறாங்க.

நடு நாண் வலின்னா நல்ல சேதி, பயிற்சிக்கு கேக்கும். 1998ல ஆல்ஃப்ரெட்சன்னு ஸ்வீடன் டாக்டர் ஒரு முறை கொண்டு வந்தாரு, இன்னைக்கும் உலகம் பூரா அதுதான் அடிப்படை. மாடிப்படி ஓரத்துல முன்பாதம் மட்டும் வச்சு நில்லுங்க, நல்ல கால் துணையோட மேல எழும்புங்க, வலிக்கிற கால்ல மட்டும் குதிகால மெதுவா படிக்கு கீழ இறக்குங்க. முட்டி நேரா வச்சு 15 தடவ மூணு செட், முட்டிய லேசா மடக்கி 15 தடவ மூணு செட். காலைல ஒரு வாட்டி சாயங்காலம் ஒரு வாட்டி. ஒரு நாளைக்கு 180 ஆகுது, 12 வாரம். லேசானதும் பேக்பேக்ல புத்தகமோ அரிசியோ போட்டு எடை ஏத்துங்க. இவ்ளோ எண்ணிக்கை முடியலன்னா ஜிம்ல எடை அதிகமா வச்சு வாரம் மூணு நாள் ரொம்ப மெதுவா செய்யற முறையும் இருக்கு, அதுலயும் இதே அளவு பலன் வருது.

ஓட்டத்த முழுசா நிறுத்த வேண்டாம். வலிக்கு பத்துக்கு மார்க் போடுங்க. ஓடும்போது அஞ்சு வரைக்கும் பரவால்ல, மறுநாள் காலைக்குள்ள பழைய நிலைக்கு வந்துடணும், வாரத்துக்கு வாரம் கூடக்கூடாது. கூடினா அன்னைக்கு ஓடினது அதிகம். ஏத்தமும் ஸ்பீடும் இப்போதைக்கு அறவே கூடாது. எப்பவாவது பின்னாடி யாரோ கல்ல விட்டு அடிச்ச மாதிரி டப்னு சத்தம் கேட்டு, ஒத்தக்கால்ல குதிகால தூக்கவே முடியலன்னா அன்னைக்கே எலும்பு டாக்டர்கிட்ட போயிடணும்.

விடியல்_தர்மபுரி | செப்டம்பர் 10, காலை 6:20

அண்ணா, உங்க கதைய படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எனக்கு 34 வயசு. போன வருஷம் ஸ்டேடியத்துல தெனம் ஒரே பக்கமா சுத்திச் சுத்தி ஓடுவேன், ரோட்ல ஓட முடியாது, இருட்டுல டேங்கர் லாரியும் நாயும், அதுக்கு மேல பாக்கறவங்க பார்வையும். இடது கால்ல முட்டிக்கு கீழ முன்பக்க எலும்புல வலி வந்துச்சு, ஷின் ஸ்பிளின்ட்னு எல்லாரும் சொன்னாங்க, எக்ஸ்ரே எடுத்தேன், ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சு. சரின்னு இன்னும் அஞ்சு வாரம் அது மேலயே ஓடினேன். அப்புறம் நடந்தாலே வலி, ராத்திரி படுத்தா வலி. சேலத்துல போயி எம்ஆர்ஐ எடுத்தப்புறம்தான் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது எலும்புல மயிரிழை விரிசல்னு தெரிஞ்சுது.

ஒண்ணு புரிஞ்சுக்குங்க எல்லாரும். ஷின் ஸ்பிளின்ட்னா எலும்பு ஓரமா நீளவாக்குல ஒரு சாண் அளவுக்கு வலிக்கும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்னா ஒரே புள்ளி, விரல் நுனி வச்சா துள்ளிடுவீங்க. முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல தெரியாமலே போகலாம்.

பொண்ணுங்களுக்கு தனியா ஒண்ணு சொல்றேன், வெக்கப்படாம. எனக்கு அதுக்கு முன்னாடி நாலு மாசம் பீரியட்ஸ் வரல. எடை குறையுதுன்னு சந்தோஷமா இருந்தேன், காலைல ஒரு டீயோட 12 கி.மீ ஓடிட்டு வந்து புள்ளைங்களுக்கு டிபன் கட்டி அனுப்பிட்டு பதினோரு மணிக்குத்தான் சாப்பிடுவேன். ஓடுறதுக்கு ஏத்த சாப்பாடு போகலன்னா உடம்பு எலும்புல இருந்து மிச்சம் பிடிக்கும். பீரியட்ஸ் நின்னா அது ஃபிட்னஸ் இல்ல, எலும்பு அடிக்கிற மணி. வைட்டமின் டி, ஃபெரிட்டின் (உடம்புல இருக்கற இரும்புச்சத்து இருப்பு) ரெண்டும் பாத்தேன், ரெண்டுமே தரைல கிடந்துச்சு. இப்ப ஓடி முடிச்ச அரை மணியில ராகிக் கூழ் மோர் ஊத்தி, ரெண்டு முட்ட, வாழப்பழம், கண்டிப்பா.

பாலக்கோடு_பையன் | செப்டம்பர் 10, காலை 8:02

அக்கா நன்றி. என் அக்காவும் ஓடுது, இத அப்படியே அனுப்பிட்டேன். ணா, முந்தாநேத்து வாட்ச்ச கழட்டுங்கன்னு பொத்தாம்பொதுவா சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க, இவ்ளோ இருக்குன்னு தெரியாது.

பென்னாகரம்_வாத்தியார் | செப்டம்பர் 11, மாலை 5:45

ரிட்டயர்டு ஆசிரியர், 61 வயது. ஹார்ட் ரேட் பேச்சு வந்ததால எழுதறேன்.

எனக்கு ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஸ்டென்ட் வச்சாங்க. ஓடுறவனுக்கு ஹார்ட் பிரச்சனை வராதுன்னு நம்பினவன் நான். ஏத்தத்துல நெஞ்சுல ஒரு பாரம், தாடை வரைக்கும் இழுக்கற மாதிரி, நின்னா ரெண்டு நிமிஷத்துல போயிடும். வாய்வுன்னு நெனச்சு ஒரு மாசம் சீரகத் தண்ணி குடிச்சேன். அந்த ஒரு மாசத்துல எதுவும் ஆகாதது என் பிள்ளைகள் செஞ்ச புண்ணியம். நாப்பது தாண்டினவங்க, சுகர், பிபி, வீட்ல ஹார்ட் பிரச்சனை இருக்கறவங்க, மாரத்தான் பயிற்சிக்கு முன்னாடி ஒரு ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க. ஓடும்போது நெஞ்சுல பாரமோ மயக்கமோ வந்தா அன்னைக்கே போகணும், அடுத்த ஞாயித்துக்கிழம ரேஸ் முடிச்சுட்டு இல்ல.

இப்ப நான் இதயத் துடிப்ப குறைக்கிற மெட்டோப்ரோலால் மாத்திரை எடுக்கறேன். அதனால என்ன முக்கினாலும் 120 தாண்டாது. 220 கணக்கும் செல்லாது, ஈஸி ரன்னுக்கு 180ல வயசக் கழிக்கச் சொல்ற கணக்கும் செல்லாது. எனக்கு பேச்சுதான் மீட்டர். பக்கத்துல ஓடற ஆளுகிட்ட முழு வாக்கியமா பேச முடியுதா, அப்ப ஈஸி. நாலஞ்சு வார்த்தைக்கு ஒரு மூச்சுன்னா டெம்போ, அதாவது கொஞ்சம் கஷ்டமான வேகம். ஒரு வார்த்தைதான் வருதுன்னா அது எனக்கு இல்ல. ஆள் இல்லாதப்ப திருக்குறள் சொல்லிப் பாப்பேன், ஒண்ணேமுக்கால் அடிய ஒரே மூச்சுல சொல்ல முடிஞ்சா சரியான வேகம். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தேன்.

இன்னொரு விஷயம், இங்கிருந்து ஒகேனக்கல் இறக்கத்துல ஓட நெறைய பேர் வர்றாங்க. இறக்கம் சுகமா இருக்கும், மூச்சு வாங்காது, நாடி ஏறாது, ஆனா தொடையும் முட்டியோட வெளிப்பக்கமும் வாங்கற அடி மறுநாள்தான் தெரியும். இறக்கத்துல ஹார்ட் ரேட்ட நம்பி வேகம் வைக்காதீங்க. விடியறதுக்கு முன்னாடி அந்தக் காட்டு ரோட்டுல இறங்கவும் வேண்டாம், யானை நடமாடற எடம்.

ஓசூர்_குளிரு | செப்டம்பர் 11, இரவு 9:30

வாத்தியார் ஐயா, திருக்குறள் மீட்டர் நாளைக்கே எடுத்துக்கறேன்.

டேம்ரோடு சார், நெஞ்சுல கட்டுற ஸ்ட்ராப் ஒண்ணு வாங்குங்க, அது இதயத்தோட மின்துடிப்பையே எடுக்குது, காலடிக்கு மயங்காது. கட்டறதுக்கு முன்னாடி அந்த ரப்பர் பட்டைய தண்ணில நனைங்க, இல்லன்னா முதல் ஒரு கி.மீ கண்டபடி காட்டும்.

அப்புறம் எடம். நான் ஓசூர், கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், காலைல குளிரா இருக்கும். மாசம் ஒரு தடவ உங்க ஊர் டேம் பக்கம் மாமனார் வீட்டுக்கு வரும்போது அதே பேஸ்ல ஓடினா 8 துடிப்பு கூட வருது. வெக்கைல உடம்பு தோலுக்கு ரத்தத்த அனுப்பி சூட்ட வெளிய தள்ளணும், வேர்வைல தண்ணி வேற போகுது, அதனால ஒவ்வொரு துடிப்புக்கும் போற ரத்தம் குறையும், இதயம் எண்ணிக்கைய கூட்டி சரிக்கட்டும். லாங் ரன்ல ஒரே பேஸ்ல போனாலும் கடைசி ஒரு மணி நேரத்துல 10, 15 ஏறறது இதுதான். அப்ப நம்பர பிடிக்கணும்னா பேஸ விடணும். ஏப்ரல் மே மாசத்துல கிருஷ்ணகிரியில டைம் பாத்து ஓடறது உடம்புக்கு செய்யற அநியாயம்.

டேம்ரோடு_46 | அக்டோபர் 5, காலை 9:20

மொதல்ல எல்லாருக்கும் நன்றி. ஊசி போட்டுக்கல. பழைய ஷூவுக்கே திரும்பிட்டேன். தெனம் 180, ஒரு நாள் விடல, வீட்ல படிக்கட்டுல நிக்கறப்ப பையன் எண்ணுவான்.

ஸ்ட்ராப் வந்துடுச்சு. அதே ரோடு, அதே 6 நிமிஷ பேஸ், 152. 168 இல்ல! பாத்ததும் ரோட்டோரமா நின்னுட்டேன், மூணு மாசமா இதயம் கெட்டுப் போச்சுன்னு வீட்ல கூட சொல்லாம உள்ளுக்குள்ள வச்சிருந்தேன். ஆனா வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி பேசிப் பாத்தப்ப 152ல முழு வாக்கியம் வரல. 6:35க்கு இறக்கினா 142, 144, அப்ப தாராளமா பேச்சு வருது. அப்ப வாட்ச் காட்டின நம்பர் பொய், ஆனா நான் ஈஸின்னு நெனச்ச வேகமும் ஈஸி இல்ல. 9 வருஷமா எல்லா ரன்னையும் நடுவாந்தரமாவே ஓடிட்டு இருந்திருக்கேன்.

காலை வலி 6ல இருந்து 3க்கு வந்திருக்கு. ஒரு சந்தேகம் பிசியோ சார், டேம் ரோட்ல எப்பவும் வலது ஓரமா எதிர்ல வர்ற வண்டிய பாத்து ஓடுவேன், ரோடு ஓரம் சரிவா இருக்கும். அது ஏதாவது பண்ணுமா?

கால்வைத்தியம்_பிசியோ | அக்டோபர் 5, இரவு 9:50

நல்ல கேள்வி. ஓரம் சரிவா இருந்தா வெளிக்கால் தெனமும் தாழ்வா விழும், பாதம் ஒரு பக்கமா சாயும். வண்டிய பாத்து ஓடறத விடாதீங்க, அது உயிர் விஷயம். ஓரச் சரிவு குறைஞ்ச ரோடு, இல்லன்னா மண் பாதை வாரம் ரெண்டு நாள் சேத்துக்குங்க. வலி 3ன்னா எடை ஏத்தலாம், 5 கிலோல ஆரம்பிங்க. இன்னும் 8 வாரம் பாக்கி, வலி போச்சுன்னு நடுவுல நிறுத்தினவங்கதான் திரும்ப வர்றாங்க.

எல்லாருக்கும் ஒண்ணு, வலி மாத்திரை போட்டுட்டு லாங் ரன்னோ ரேஸோ ஓடாதீங்க. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ரெண்டுமே வேர்த்து தண்ணி வத்தின உடம்புல கிட்னிய அடிக்கும். வலி தெரியாம ஓடறதுல வேற என்னெல்லாம் ஆகும்னு மேல தங்கச்சி எழுதியிருக்காங்க.

விடியல்_தர்மபுரி | அக்டோபர் 6, காலை 5:55

அண்ணா 152ல இருந்து 143க்கு இறங்கறது மனசுக்கு எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும். எனக்கும் ஆரம்பத்துல வயசான பாட்டி நடந்து என்னைத் தாண்டிப் போற மாதிரியே இருக்கும். ஒன்பது வாரத்துல அதே 143ல நான் 7:20ல இருந்து 6:50க்கு வந்தேன், வேற எதுவும் பண்ணல. நான் இப்ப ஸ்டேடியத்துல ஒரு நாள் இடமா, ஒரு நாள் வலமா சுத்தறேன்.

டேம்ரோடு_46 | டிசம்பர் 14, காலை 10:40

12 வாரம் முடிஞ்சு போன வாரத்தோட நிறுத்தாம வாரம் மூணு நாளா குறைச்சிருக்கேன். காலைல கட்டில்ல இருந்து நேரா நடக்கறேன். தடிப்பு இன்னும் கொஞ்சம் இருக்கு, அது போக மாசமாகும்னு பிசியோ சார் நேர்ல பாத்துட்டு சொன்னாரு.

ஓசூர் சார் சொன்னபடி 220 கணக்க தூக்கிப் போட்டுட்டு, பிசியோ சம்மதத்தோட 30 நிமிஷம் தனியா முழு மூச்சுல ஓடிப் பாத்தேன், ஜோ ஃப்ரீல்ங்கற கோச் சொல்ற முறை. கடைசி 20 நிமிஷ சராசரி ஹார்ட் ரேட்தான் கணக்கு. 167 வந்துச்சு, கடைசில ஸ்ட்ராப்ல 181 வரைக்கும் பாத்தேன், அப்ப 174தான் மேக்ஸிமம்ங்கறது என்னைப் பொறுத்தவரை தப்பு. ஈஸி ரன்னுக்கு 167ல 85லருந்து 89 சதவீதம்னா 142லருந்து 149. நான் பேசிப் பேசி கண்டுபிடிச்ச அதே எடம்தான்.

போன ஞாயிறு 22 கி.மீ, 145 தாண்டாம, 6:18 சராசரி. கடைசி 5 கி.மீ.ல ஏற ஆரம்பிச்சதும் பேஸ விட்டுட்டேன், 6:40க்கு கூட போச்சு. முன்னாடின்னா விட்டிருக்க மாட்டேன்.

சென்னைல ஃபுல் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், ஹாஃப்க்கு மாத்திட்டேன். 4 மணின்னா கி.மீ.க்கு 5:41, அத 42க்கு தாங்க என் நாண் இன்னும் ரெடி இல்ல. மனசு ரெண்டு நாள் கனமா இருந்துச்சு. கடற்கரை ஊர் ஈரப்பதம் வேற, நம்ம ஊர் 5:20 அங்க 5:20ஆ இருக்காது, அதனால முதல் 5 கி.மீ 5:40ல போயி 160க்குள்ள வச்சுக்கலாம்னு இருக்கேன். ஓசூர் சார் இது சரியா?

ஓசூர்_குளிரு | டிசம்பர் 14, மதியம் 12:15

முதல் அஞ்சுக்கு 160 சரி, ஆனா ரேஸ் நாள்ல கூட்டத்துலயும் பதட்டத்துலயும் ஸ்டார்ட்லயே 10 கூட காட்டும், அதப் பாத்து பயந்து ரொம்ப இறக்கிடாதீங்க. முதல் 2 கி.மீ மூச்சு, அப்புறம் நம்பர். 16க்கு மேல நம்பர் பாக்காதீங்க, அப்ப ஏறத்தான் செய்யும். தண்ணி ஒவ்வொரு ஸ்டாலுக்கும் மொடக் மொடக்னு குடிக்க வேண்டாம், தாகத்துக்கு குடிங்க. வெறும் தண்ணி ரொம்ப போனா ரத்தத்துல உப்பு இறங்கிடும், ஓஆர்எஸ் ஒரு பாக்கெட் கைல வச்சுக்குங்க.

பாலக்கோடு_பையன் | டிசம்பர் 14, இரவு 8:30

ணா நானும் ஸ்ட்ராப் வாங்கிட்டேன். நான் 158ல ஓடிட்டு ஈஸின்னு சொல்லிட்டு இருந்திருக்கேன். அடுத்த ஞாயிறு உங்ககூட ஓட வரலாமா, உங்க 143க்கே வரேன்.

டேம்ரோடு_46 | டிசம்பர் 14, இரவு 8:52

வா தம்பி. டேம் பார்க் கேட்டுகிட்ட 5:15க்கு இரு, தலைல கட்டற லைட் எடுத்துக்க, அந்த நேரத்துல பனி இருக்கும். 14 கி.மீதான். வாத்தியார் ஐயாவும் பஸ் பிடிச்சு முந்தின நாளே வர்றேன்னு போன்ல சொன்னாரு, எங்க வீட்லதான் தங்கறாரு.